ஒன்பதாம் பாடம்

தை மாதம் தொலையாவட்டம் அண்டி ஆபீஸுக்கு
டேப்லெட் வந்தது.
எல்லாருக்கும் என்று அறிவிப்புப் பலகை சொன்னது.
நாற்பத்திரண்டு பேருக்கு ஆறு.

பெருவிரலை வைத்து உள்ளே போ என்றது.
அண்டி எண்ணெய் தின்ற விரலில்
ரேகைக்கு எங்கே போவது?
சாம்பல் பூசிப் பார்த்தோம், சோப்பு போட்டுப் பார்த்தோம்,
பிரசில்லா எச்சில் தொட்டும் பார்த்தாள்.
ஆள் இல்லை என்றது.
கடைசியில் தலைக்கு நாலு எண் தந்தார்கள்.
எனக்கு மூன்று, ஒன்று, ஒன்று, ஏழு.

அதற்கு முன் எங்களுக்குப் பாடம்
சூப்பர்வைசர் ஸ்டான்லிராஜின் கை.
தட்டைக் கவிழ்ப்பார்.
"இதாட்டி முந்நூற்றிருபது? கண்ண எங்க வச்சிருக்க?"
பருப்பு சிமெண்டுத் தரையில் உருளும்.
பக்கத்து வரிசை தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருக்கும்.
பதினோரு வருடத்தில் நான் பழுதில்லாமல் படித்தது
குனிந்து பொறுக்குவது.

இதில் படம் வரும்.
வெள்ளை முழுப்பருப்பு, கருகல், பாதி, துண்டு,
ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கும் என்று கேட்கும்.
தப்பினால் ஆரஞ்சு வட்டம்.
பிறகு ஒரு பெண் குரல்,
நம்ம பக்கத்துக்காரி இல்லை, வடக்கே எங்கேயோ,
"மீண்டும் பார்ப்போமா?"

பார்ப்போமா.
அந்த 'மா'வைக் கேட்கவே
மூன்று முறை வேண்டுமென்று தப்பினேன்.

லீலாபாய்க்கு எழுத்து தெரியாது.
அதைத் தெரியாமல் பார்த்துக்கொள்வது
இருபத்தாறு வருடமாக அவள் செய்த இன்னொரு வேலை,
கூலி கிடையாது.
காது படம் போட்ட பொத்தானை
அவளாகவே கண்டுபிடித்தாள்.
அமுக்கினால் கேள்வி பேசும்.
மத்தியானம் கிழங்கும் மீனும் தின்ற கையைத் துடைத்துவிட்டு
ஆறாவது டேப்லெட்டோடு உட்கார்ந்தாள் என்றால்
மணி அடித்துத்தான் எழுப்ப வேண்டும்.

பங்குனியில் உடைசல் பாதியாகக் குறைந்தது.
முதலாளி மகன் சுவரில் ஒரு கிராஃப் ஒட்டினான்.
ஏற்றத்தில் மூச்சு வாங்கும் பேச்சிப்பாறை பஸ் மாதிரி
கோடு நின்று நின்று மேலே போனது.
ஆளுக்கு ஒரு லட்டு.

பதினாறு பாடம், ஒரே விலையில் வாங்கியது.
தரம்பிரித்தல், கை சுத்தம், தீயணைப்பு வரைக்கும்
அவன் பார்த்திருப்பான்.
ஒன்பதை அவன் திறக்கவில்லை.
எங்களுக்கு வேறு வழியில்லை,
ஒன்பது முடியாமல் பத்து திறக்காது.

அதே குரல். அதே பொறுமை.
ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால்
அந்த நேரத்துக்குக் கூலி எத்தனை மடங்கு?
அதே கூலி.
ஒன்றரை மடங்கு.
இரண்டு மடங்கு.

அதே கூலி என்று தொட்டேன்.
எனக்குத் தெரிந்தது அதுதானே.

ஆரஞ்சு வட்டம்.
இந்த முறை வேண்டுமென்று செய்ததில்லை.
மீண்டும் பார்ப்போமா?

பார்த்தோம்.
நாற்பத்திரண்டு பேரும் நூற்றுக்கு நூறு.
முதலாளி மகன் அதையும் அச்செடுத்து
கிராஃபுக்குக் கீழே ஒட்டினான்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் லாரி.
தூத்துக்குடிக்கு ராத்திரியே போகணும்,
ரெண்டு மணி நேரம் யாரும் எழும்பாதுங்க என்றார் ஸ்டான்லிராஜ்.
யாரும் எழும்பவில்லை.
யாரும் குனியவும் இல்லை.
லீலாபாய் சத்தத்தைக் கூட்டி வைத்து
காதை அமுக்கினாள்.

ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால்...

அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.
வியர்த்த சட்டை, கையில் லாரிச் சீட்டு.
யோசித்தால், அவருக்கு யாரும் எண் தரவில்லை.
அவருக்கும் ராத்திரி எட்டு வரை அதே கூலிதான்.

டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
மூன்று, ஒன்று, ஒன்று, ஏழு, அமுக்கும் சாரே.
தப்பினாலும் ஏசாது.